பாதி டம்ளர் காபி

சென்னை பஸ்ஸின் கண்டக்டரிடம் பத்திரிகைக்கான அன்றைய செய்திக் கவரைக் கொடுத்துவிட்டு காஞ்சிபுரம் பஸ் நிலைய வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நெசவாளர் சங்கத்து மாசிலாமணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எப்போதும் ஏறி மிதித்து வருகிற மனிதர் தள்ளிக்கொண்டு வந்ததிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"அண்ணன் போய்ட்டாரு சார். விடியக்காலம். தூக்கத்துலயே."

பஸ் கிளம்ப இருந்தது. கண்டக்டரைக் கூப்பிட்டுக் கவரைத் திரும்ப வாங்கி, அதன் முதுகிலேயே நாலு வரி எழுதினேன். பட்டு நெசவாளர் சங்கத் தலைவர் சபாபதி காலமானார். நடுக்குவாதத்தால் நீண்ட காலம் அவதிப்பட்டு வந்தார். மறுநாள் பத்திரிகையில் அது இரண்டு வரியாகச் சுருங்கி, கிணற்றில் விழுந்த பசுமாட்டை மீட்ட செய்திக்குக் கீழே வந்தது. யாரிடமும் நான் சண்டை போடவில்லை. சண்டை போடும் வயது எனக்குப் போய்விட்டது. சங்கத்தின் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மாசிலாமணி கேட்டார். பத்திரிகையில் இடம் கிடைக்காததை இங்கே எழுதுகிறேன்.

சபாபதி அவர்களை நான் முதலில் பார்த்தது அறுபதுகளின் நடுவில், ஒரு பேச்சுவார்த்தையில். இந்த ஊரில் அதுவரை பேச்சுவார்த்தை எதுவும் முடிந்து நான் பார்த்ததில்லை. தள்ளிவைக்கப்பட்டுத்தான் பார்த்திருக்கிறேன். பெரிய காஞ்சிபுரத்தில் குப்புசாமி முதலாளியின் வீட்டுக் கூடத்தில் ஒரு பக்கம் முதலாளிமார்கள், எதிர்ப்பக்கம் சங்கத்தார், வாசற்படி ஓரம் நான். தறியிலிருந்து இறங்கிய சேலையை முதலாளி வீட்டில் விரித்துப் பார்ப்பார்கள். கறை, இழைப் பிசகு என்று ஏதாவது தென்பட்டால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். குறையைக் கண்டுபிடிப்பவரும் அவரே, தண்டம் போடுபவரும் அவரே. சேலையை விரித்துப் பார்க்கும்போது சங்கத்து ஆள் ஒருவர் உடன் இருக்கவேண்டும் என்பதுதான் சபாபதி அவர்களின் கோரிக்கை. வேறு கோரிக்கைகள் வந்தன, போயின. இது ஒன்றை மட்டும் அவர் விடவில்லை.

அவர் காகிதம் கொண்டுவர மாட்டார். எந்தத் தெருவில், எவருடைய சேலையில், என்ன காரணம் சொல்லி, எப்போது பிடித்தார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். உரக்கப் பேசியும் நான் கேட்டதில்லை. ஒவ்வொரு பெயராக, நிதானமாகச் சொல்லிக்கொண்டே போவார். எதிரில் இருப்பவர்களுக்குத்தான் வியர்க்கும்.

இன்னொன்றும் அன்றே கவனித்தேன். முதலாளி வீட்டில் காபி வந்தது. சபாபதி அவர்கள் தொடவில்லை. அவர் தொடாததால் சங்கத்தார் யாருமே தொடவில்லை. டம்ளர்கள் ஆறி ஆடை கட்டி உள்ளே திரும்பிப் போயின. வெளியே வந்ததும் மாசிலாமணி பெருமையோடு சொன்னார்: "எங்க அண்ணன் ரோசக்காரரு சார். கூலியப் பிடிக்கிற வூட்ல காபி குடிக்கமாட்டாரு." அதையும் செய்தியில் எழுதி அனுப்பினேன், போட்டார்கள். அதன்பிறகு சங்கத்தில் அது எழுதாத விதியாகிவிட்டது. முதலாளி வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் நாக்கு வறள உட்கார்ந்திருந்த மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உண்மை சில ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி கன்னியம்மாள் காபி கொண்டுவந்தார். இரண்டு டம்ளரிலும் பாதிதான் இருந்தது. சபாபதி அவர்கள் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, முகத்தை அதனிடம் கொண்டுபோய்க் குடித்தார். கீழே வைத்ததும் வலது கை மடியில் கிடந்து தானாக ஆடியது. கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு உரசியது, இழை முறுக்குவது போல.

"அஞ்சாறு வருசமா இருக்குது சார்," என்றார். "சும்மா இருந்தாத்தான் ஆடும். ஒரு வேலையில போட்டா அடங்கிடும். ஆனா யாராச்சும் பாக்கறாங்கன்னு தெரிஞ்சா போதும், வேலையில போட்டாலும் அடங்காது."

"அதனால்தான் முதலாளி வீட்டில் காபி…"

சிரித்துவிட்டார். "நிறைய ஊத்திக் குடுக்கறாங்க சார். எடுத்தா வேட்டியிலதான் ஊத்திக்கணும். பசங்க அதுக்கு ரோசம்னு பேரு வெச்சிட்டானுங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

"இவருக்கு மட்டும் பாதி ஊத்துனா கோச்சிக்குவாரு," என்றார் கன்னியம்மாள். "அதனால நம்ம வூட்ல வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் பாதிதான். போன வாரம் எங்க அண்ணன் வந்து, 'இன்னாமா, மாடு வத்திப்போச்சா'ன்னு கேட்டுட்டுப் போனாரு. கேட்டா கேட்டுட்டுப் போவட்டும்."

தறியில் கால் மிதி மெதுவாகிப் போனதால் நெசவை அதற்கு முன்பே அவர் விட்டுவிட்டிருந்தார். கையெழுத்தும் சுருங்கிக்கொண்டே வந்தது. பெயரின் முதல் எழுத்து சரியாக இருக்கும். கடைசி எழுத்தை எறும்பு என்று நினைத்து ஊதித் தள்ளலாம். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர்தான் இது வெறும் நரம்புத் தளர்ச்சி இல்லை, நடுக்குவாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரையில் நடுக்கம் ஓரளவு குறைந்தது. வாய் வறண்டது. பேப்பர் படிக்கும்போது எழுத்து மங்கியது. "கேக்குதா சார், கேக்கலியான்னே சொல்லத் தெரியல," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். மருந்தைப் பற்றி அவ்வளவு நேர்மையான பதிலை நான் கேட்டதில்லை.

இதற்கிடையில் முதலாளிகள் பக்கத்திலும் கையைக் கவனித்துவிட்டார்கள். பேச்சு சூடாகும்போதெல்லாம் கை அதிகமாக ஆடியது. துண்டுக்குள் மறைத்தார், தொடைக்குக் கீழே வைத்து அழுத்தினார். மறைக்க மறைக்கத் தோள் வரை ஏறியது. "தலைவருக்கு உதறல் எடுத்திருச்சுபா" என்று குப்புசாமி முதலாளியின் மருமகன் ஒருநாள் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். சங்கத்தார் கூனிக்குறுகி வெளியே வந்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால்தான் அந்தத் தவறு நடந்தது. அண்ணன் கை ஆடினால் நம் பக்கம் பலவீனம் என்று எண்ணுவார்கள், ஒரு நாளைக்காவது ஆடாமல் இருக்கட்டும் என்று மாசிலாமணியும் மற்றவர்களும் கெஞ்சியிருக்கிறார்கள். டாக்டர் சொன்னதற்கு மேல், கூட்டத்துக்குக் கிளம்பும் முன் கூடுதலாக மாத்திரை போட்டுக்கொண்டார் சபாபதி.

கை ஆடவில்லை. ஜமுக்காளத்தின் மேல் அவர் கை அப்படியே கிடந்தது. சங்கத்தார் முகத்தில் அன்று ஒரு வெளிச்சம். குப்புசாமி முதலாளி வழக்கம்போலக் கேட்டார்: "அநியாயமாப் பிடிக்கிறோம்னு சொல்றீங்க. யாருக்குப் பிடிச்சோம்? ஒரு பேரு சொல்லுங்க."

சபாபதி அவர்கள் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை.

"அவரு… அந்த… மூலை வூட்டு…" என்றார். மாசிலாமணியைத் திரும்பிப் பார்த்தார். மாசிலாமணிக்கு எதுவும் தெரியாது. எல்லாமே அண்ணன் தலையில்தான் இருந்தது. "பேரே இல்லாத ஆளுக்காகப் பேச வந்தீங்களா?" என்று முதலாளி எழுந்துகொண்டார். கூட்டம் முடிந்தது. அவ்வளவு அசையாத கையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

அதற்கு அடுத்த வாரம் அவரோடு சென்னைக்கு நானும் போனேன். டாக்டர் திட்டினார். தானாகக் கூட்டியதற்கு ஒரு திட்டு. பயந்துபோய் அதன்பிறகு மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தியிருந்ததற்கு இன்னொரு திட்டு, இது இன்னும் பலமாக.

"கூட்டினா தலை மந்தமாகும்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா? திடீர்னு நிறுத்தறதும் ஆபத்து. கூட்டறதோ குறைக்கிறதோ நான்தான் சொல்லணும்."

சபாபதி அவர்கள் கேட்டார்: "ஐயா, ஒண்ணு சொல்லுங்க. மருந்து கேக்குமா, கேக்காதா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். "ஓரளவு கேக்கும். நோயைத் தீர்க்காது, நடுக்கத்தைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கும். உங்க கவலைய அது பிடிக்காது. கவலை ஏறினா மாத்திரையத் தாண்டிக்கிட்டு நடுக்கம் வரும். எப்ப அதிகமா வருது?"

"மறைக்கும்போது."

"அப்ப மறைக்காதீங்க. முதல்லயே சொல்லிடுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் வாலாஜாபாத் தாண்டியதும், "ஆடற கையா, மறக்கற தலையான்னா, கையே ஆடிட்டுப் போவட்டும் சார்," என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூங்கினாரா என்று தெரியாது. கை மட்டும் மடியில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

டாக்டர் அளவைக் குறைத்திருந்தார். அடுத்த கூட்டத்துக்கு சபாபதி அவர்கள் எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். அவசரமாகப் போனால் ஆட்டம் கூடும் என்று தெரிந்துவைத்திருந்தார். பழைய நாடா ஒன்றை, தறியில் ஊடை இழை கொண்டு ஓடும் அந்த மரத்துண்டை, வலது கையில் பிடித்திருந்தார். எதையாவது பிடித்திருந்தால் கொஞ்சம் தணியுமாம். காபி வந்தது. நாடாவைக் கீழே வைத்துவிட்டு டம்ளரை எடுத்தார்.

சங்கத்தார் திகைத்துப்போனார்கள். "அண்ணே," என்றார் மாசிலாமணி மெதுவாக, "நாம குடிக்க மாட்டமே."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? தூக்க முடியல, குடிக்கல. நீங்க ஏன் குடிக்காம இருந்தீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

இரண்டு கையாலும் தூக்கினார். ஒரு வாய் உள்ளே போயிருக்கும். மீதி வெள்ளை வேட்டியில் கொட்டியது. அவர் டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"முதலாளி, எனக்கு நடுக்குவாதம். டாக்டர் சொல்லிட்டாரு. பயத்துல ஆடுதுன்னு மாப்பிள்ளை நெனச்சிக்கினு இருக்காரு. பயம் இருந்தா நானே சொல்லிடுவேன்."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். குப்புசாமி முதலாளி, "அடடா, நல்ல வேட்டி பாழாயிடுச்சே," என்றார். அதில் கேலி இல்லை.

"ஆமா, கறைதான். இத யார் கூலில பிடிக்கப்போறீங்க?"

முதலில் சிரித்தது முதலாளிதான். பிறகு எல்லோரும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சபாபதி அவர்கள் பெயர்களைச் சொல்லத் தொடங்கிவிட்டார். மூலை வீட்டுக்காரரின் பெயர்தான் முதலில் வந்தது. பெயர்கள் வரவர கையின் ஆட்டம் குறைந்தது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். குறையவில்லை. கடைசி வரை ஆடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அதை யாரும் பார்க்கவில்லை. சங்கத்தார் ஆளுக்கொரு டம்ளரை எடுத்துக் குடித்தார்கள். மாசிலாமணி இரண்டாவது தரம் கேட்டு வாங்கினார்.

சேலை விரிக்கும்போது சங்கத்து ஆள் ஒருவர் இருக்கலாம் என்று அன்று ஒப்புக்கொண்டார்கள். இந்த ஊரில் ஒரு பேச்சுவார்த்தை முடிந்தது என்று எழுதி அனுப்பினேன். கொஞ்ச காலம் ஒழுங்காக நடந்தது. அதன்பிறகு ஒரு வீட்டில் கூப்பிட மறந்தார்கள், இன்னொரு வீட்டில் ஆள் போக மறந்தார். சபாபதி அவர்கள் மறுபடி போய்ப் பேசினார். மறுபடி நடந்தது. இப்படியே போயின வருஷங்கள்.

கடைசிக் காலத்தில் புது மருந்து ஒன்று வந்தது. அது நன்றாகவே கேட்டது. நாற்காலியிலிருந்து தானாக எழுந்தார், தெருக்கோடிவரை நடந்தார். குமட்டலும் இருந்தது. மருந்தின் வேகம் இறங்கும் நேரத்தில் நிலைப்படியில் கால் ஒட்டிக்கொள்ளும். கன்னியம்மாள் அங்கே கோலமாவால் குறுக்கே ஒரு கோடு போட்டுவைத்தார். கோட்டைக் கண்டதும் அதைத் தாண்டக் கால் எழுந்துவிடும். எப்படி என்று டாக்டரிடம் கேட்டேன். சிலருக்கு அப்படி ஆகும் என்றார். சங்கத்தில் ஏதாவது தகராறு என்று காதில் விழுந்த நாளில் புது மருந்தும் பழைய மருந்து போலத்தான். "இவருக்கு மாத்திரை குடுக்கறதோட, வர்றவங்க வாய்க்கும் ஒரு மாத்திரை குடுக்கணும்," என்பார் கன்னியம்மாள். வருகிறவர்களில் நானும் ஒருவன். ஊர்ச் சங்கதியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போகப் பழகினேன்.

படுக்கையில் விழுந்த பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "சேலை பாக்கறப்ப நம்ம ஆள் போறானா?" போகிறார் என்று மாசிலாமணி சொல்வார். கடைசி மாதங்களில் யாரும் போகவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். மாசிலாமணி இருந்தார். சற்று நேரத்தில் குப்புசாமி முதலாளியும் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். நிலைப்படியில் கோலமாவுக் கோடு இன்னும் இருந்தது. மூன்று பேரும் அதைத் தாண்டித்தான் உள்ளே போயிருந்தோம். கன்னியம்மாள் காபி கொண்டுவந்தார். மூன்று டம்ளரிலும் பாதி.

கொடுத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. "அட, இனிமே எதுக்கு…" என்று பாத்திரத்தை எடுத்துவர உள்ளே திரும்பினார்.

"இருக்கட்டும்மா," என்றார் முதலாளி, டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு. "இந்த வூட்ல பாதிதான்."

குடித்து முடித்ததும் மாசிலாமணியைப் பார்த்துக் கேட்டார்: "சேலை பாக்க உங்க ஆளு ஏன் வர்றதில்ல?"

"நீங்க கூப்பிடல."

"வியாழக்கிழமை விரிக்கிறோம். வாங்க. பேருங்கள நீ ஞாபகம் வெச்சிருக்கியா?"

"அண்ணன் சொல்லிக் குடுத்ததுல பாதி இருக்குது," என்றார் மாசிலாமணி. "மீதிய வூடு வூடாப் போய்க் கேட்டுக்கினு வரேன்."

சபாபதி அவர்களே, நீங்கள் கேட்கும் கேள்விக்கு வியாழக்கிழமை வரை என்னிடம் பதில் இல்லை. நானும் போகிறேன், வழக்கம்போல வாசற்படி ஓரம் உட்காருவேன். உங்கள் கை இனி யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வெடுங்கள்.