பெயரும் ஓய்வு நாளும்

1958-இல், வேடசந்தூர் போகும் சாலையில் இருந்த ஒரு நூல் மில்லின் மருந்தகத்தில் அருள்நாதன் கம்பவுண்டராக இருந்தார். காயத்துக்குக் கட்டுப் போடுவதும் மருந்து மிக்சர் கலந்து கொடுப்பதும் அவருக்குச் சுமையாகத் தெரியவில்லை. சனிக்கிழமைதான் ஆளை அடித்துப் போட்டுவிடும். அந்த வாரம் வைத்தியத்துக்கு வந்த அத்தனை பேரின் விவரத்தையும் பதிவேட்டைப் பார்த்து எழுதி, வருகையும் சம்பளமும் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். பெயர், வயது, ஊர், நோய், மருந்து, ஓய்வு நாள் என்று ஒரு கட்டம் விடாமல் எழுதுவார். முன்பிருந்தவர் அப்படித்தான் எழுதினாராம். இத்தனையும் எதற்கு என்று கேட்கவும் அவருக்குத் தெம்பில்லை.

நூல் சுற்றும் பிரிவில் தற்காலிகமாக வேலை பார்த்த சிவனம்மாள் ஒருநாள் வாந்தியும் தலைசுற்றலுமாக வந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, மூன்று மாதம் என்றார். இரண்டு நாள் ஓய்வு கொடுத்தார். வெளியே தெரிய வேண்டாம் என்று அவள் அருள்நாதனிடம் கேட்டுக்கொண்டாள். அவரும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை, நோய் என்ற கட்டத்தில் மூன்று மாதக் கர்ப்பம் என்று வழக்கம்போல எழுதி அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் அவளை கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு வேலை கிடையாதாம். சாயங்காலம் அருள்நாதன் வெளியே வரும்வரை காத்திருந்தாள்.

"நான் ஒருத்தர்ட்டயும் சொல்லலையே சார். ஆபீசுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"நாந்தாம்மா எழுதி அனுப்புனேன்."

அவள் திட்டவில்லை. திரும்பி நடந்துபோனாள்.

மறுநாள் அருள்நாதன் டைம் ஆபீஸ் குமாஸ்தா பெருமாள்சாமியிடம் போய், சம்பளம் போட அந்தத் தாளில் எதெல்லாம் பார்ப்பீர்கள் என்று விசாரித்தார்.

"பேரும் ஓய்வு நாளும்தான். மத்ததை நான் பாக்குறதே இல்ல. மேனேஜர்தான் வாங்கிப் புரட்டுவாரு."

அந்த வாரத்திலிருந்து அருள்நாதன் அந்த இரண்டு கட்டங்களை மட்டும் எழுதினார். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டபோது, சம்பளத்துக்கு இது போதும், மற்றது வேண்டுமென்றால் டாக்டரைக் கேளுங்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தத் தெம்பும் இல்லை. மேனேஜர் முகம் சுளித்தார். டாக்டரைக் கேட்கவில்லை.

சிவனம்மாளைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி அருள்நாதன் அவரிடம் இரண்டு முறை பேசிப் பார்த்தார். நடக்கவில்லை. நத்தம் பக்கம் புளி தட்டப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டார்.

சனிக்கிழமை வேலை இப்போது மத்தியானத்துக்குள் முடிந்தது. அவர் கிளம்பவில்லை. மேசையில் தலையைச் சாய்த்து, மில் சங்கு ஊதும்வரை அப்படியே கிடந்தார்.