உரிந்த பெயின்டின் அடிப்பக்கம்

எங்கள் வேலையிடத்தில் எல்லோரும் அவரை மெஷின் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கான்கிரீட் தரையைத் தேய்க்கிற மெஷினை அவர்தான் ஓட்டுவார். அது அவரைவிட எடை கூடியது. அதை இடமும் வலமுமாக வீசி வீசி, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்து வருவார். மூக்கை மூடிக் கட்டிய துணிக்கு மேலே கண் இரண்டும் தரையைவிட்டு எழாது. வேலை முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு அவர் கை நடுங்கிக்கொண்டிருக்கும். அதனால் டீயை அரை டம்ளர்தான் வாங்குவார். முழு டம்ளர் என்றால் பாதி புடவைக்குத்தான் போகும் என்பார்.

நான் தரைக்கு எபாக்சி என்கிற கெட்டிப் பெயின்டு பூசுகிறவன். அக்கா தேய்த்து, தூசியை உறிஞ்சிக் கொடுத்த தரையில் பெயின்டையும் அதை இறுக வைக்கிற ஹார்டனரையும் அளந்து கலந்து ரோலரால் இழுப்பது என் வேலை. பார்க்க வருகிறவர்கள், "அடடே, கண்ணாடி மாதிரி இருக்கே" என்று என்னைத்தான் பாராட்டுவார்கள். அக்கா செய்த வேலை முழுவதும் என் பெயின்டுக்கு அடியில் போய்விடும்.

அவர் முதலில் இந்த வேலைக்காரர் இல்லை. பதினைந்து வருஷம் வீடு வீடாகப் போய் மொசைக் தரைக்குப் பாலிஷ் போட்டவர். மெஷின் அவர் வீட்டுக்காரருடையது. மாடிப்படியில் அதைத் தூக்கப்போய் மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "மனுஷனும் உட்கார்ந்துட்டார், மெஷினும் நின்னுபோச்சு. ரெண்டுல ஒண்ணையாவது கிளப்பணும்ல" என்பார் அக்கா. மாமா இப்போதும் கூடவே வருவார். ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஒயர் மெஷினுக்குள் சிக்காமல் பார்த்துக்கொள்வார், நடுநடுவே வாயும் அடிப்பார். மொசைக் வேலை குறைந்ததும் இருவரும் எங்கள் காண்ட்ராக்டரிடம் வந்தார்கள்.

கான்கிரீட் காயும்போது சிமெண்ட் பால் மேலே வந்து மெல்லிய ஏடாகப் படியும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பலம் இருக்காது. அதன் மேல் பூசினால் ஏட்டோடு சேர்ந்து பெயின்டும் வந்துவிடும். ஆகவே அதைச் சுரண்டி எடுத்து, உள்ளே இருக்கும் மணல் தெரிய, மூன்று நாள் சவரம் செய்யாத கன்னம் போலத் தரையைச் சொரசொரப்பாக விடவேண்டும். அதில் ஒரு சொட்டு நீர் விட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். நீரை இழுக்கிற தரைதான் பெயின்டையும் பிடிக்கும்.

ஒரு பேக்கரியில் தரை போட்டோம். மூன்றாவது வாரம் அது உரிந்தது. தட்டுகள் அடுக்கிய வண்டியின் சக்கரம் போன வழியெல்லாம், வெயிலில் காய்ந்த தோல் மாதிரி சுருண்டு கிடந்தது. பேக்கரிக்காரம்மா ஆள் அனுப்ப, காண்ட்ராக்டர் எங்கள் எல்லோரையும் அங்கே வரச் சொன்னார்.

குனிந்துகூடப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "ஹார்டனர் எவ்வளவு ஊத்தினே?"

"சரியாத்தாங்க ஊத்தினேன். அளந்துதான்."

"அளந்து ஊத்தினா ஏன் உரியுது? உன்னை ரோலர் புடிக்க விட்டதே தப்பு. நாளையிலிருந்து பழையபடி டின் தூக்கு."

நான் ரோலரைத் தொட்டே நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் ஆறு வருஷம் பெயின்டு டின் சுமந்தவன். அளந்தது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் அவர் அத்தனை உறுதியாகச் சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு டின்னிலாவது குறைத்து ஊற்றிவிட்டேனோ என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன்.

அக்கா தரையில் மண்டியிட்டிருந்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை எடுத்தார். மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பிறகு பக்கத்துக் குழாயில் விரலை நனைத்து, பெயின்டு போன இடத்தில் ஒரு சொட்டு விட்டார். அது உள்ளே இறங்கவில்லை. முத்து மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது.

"தம்பி கலந்ததுல தப்பில்ல. தரையைக் கெடுத்தது நான்" என்றார்.

"அக்கா, அவனுக்காக நீங்க பேசாதீங்க."

"அவனுக்காக இல்ல, இதைப் பாருங்க." துண்டின் அடிப்பக்கத்தைக் காட்டினார். "தரை புடிச்சிருந்தா இதுல மணலும் சிமெண்டும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். கழுவி வச்ச தட்டு மாதிரி இருக்கு. மெஷின்ல முப்பதாம் நம்பர் கரடுக் கல்லோட நிறுத்தணும். நான் அதுக்கு மேல இன்னும் ரெண்டு நைஸ் கல் போட்டேன். மொசைக் பாலிஷ் போட்ட கை. பாதியில விட மனசு வரல, வழவழன்னு ஆக்கிட்டேன்."

மாமாதான் ஸ்டூலிலிருந்து ஆரம்பித்தார். "வீட்டுலயும் இதே கதைதாங்க. தேய்ச்சுத் தேய்ச்சு ரெண்டு பாத்திரம் ஓட்டையாகிப்போச்சு."

பேக்கரிக்காரம்மா சிரித்துவிட்டார். "இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை வேற ஆளுங்க போட்டாங்க. ரெண்டு தடவையும் உரிஞ்சுது. ஏன்னு கேட்டா, பெயின்டுன்னா அப்படித்தான்னு சொல்லிட்டுப் போனாங்க. நீங்கதாம்மா காரணம் சொல்லியிருக்கீங்க. அடுப்பை மட்டும் நிறுத்த முடியாது. பாதி பாதியா செஞ்சு குடுங்க."

அடுப்புப் பக்கம் பிளாஸ்டிக் ஷீட்டால் மறைத்து, பாதி பாதியாகவே செய்தோம். மிச்சப் பெயின்டைச் சுரண்டி எடுத்து, முப்பதாம் நம்பர் கல்லை மட்டும் போட்டு, இரண்டு முறை தூசியை உறிஞ்சினோம். நான் பூசினேன். ஐந்து வருஷமாகிறது. அந்த வண்டிகள் இன்றும் அதே தரையில்தான் ஓடுகின்றன.

அந்த வேலை நடந்தபோது அக்காவிடம் ஒன்றைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. முதல்முறை அவர் தேய்த்து முடித்த அன்று நானும் அந்தத் தரையைத் தடவிப் பார்த்தேன். சொரசொரப்பு இல்லை என்பது என் கைக்கே தெரிந்தது. "சூப்பரா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு டின்னைத் திறந்தேன். பூசுகிறவன் பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் பூசவேண்டும். பழியில் பாதி என்னுடையது. அதை அன்றைக்கு எல்லோர் முன்னாலும் நான் சொல்லவில்லை.

"தெரியும்" என்றார் அக்கா, தலை நிமிராமல். மெஷினின் அடியில் கல்லை மாட்டிக்கொண்டிருந்தார். "நீ தடவினப்ப பக்கத்துலதானே நின்னேன்."

"அப்புறம் ஏன்கா சொல்லல?"

"சொன்னா ரெண்டு பேரையும் அனுப்பியிருப்பார். ஒருத்தராவது உள்ள இருக்கட்டும்னுதான். அந்த ஸ்பேனரை எடு."

அவர் நினைத்தபடிதான் நடந்தது. பேக்கரி முடிந்ததும் காண்ட்ராக்டர் அக்காவைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். என்னை ரோலரோடு வைத்துக்கொண்டார். அக்காவும் மாமாவும் மூன்று மாதம், எங்காவது ஒரு மாடி, எங்காவது ஒரு பழைய மொசைக் என்று அலைந்தார்கள். அடுத்ததாக ஒரு பெரிய குடோன் வந்தது. தேய்ப்பதற்கு யாரோ புது ஆளைக் காண்ட்ராக்டர் பேசி வைத்திருந்தார்.

நான் காண்ட்ராக்டரிடம் போனேன். அவர் எதிரே நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை. "மெஷின் அக்கா தேய்ச்சா பூசுறேங்க. இல்லைன்னா டின்னே தூக்கிக்கிறேன்."

"அந்தம்மாதானேடா பேக்கரியைக் கெடுத்தது?"

"ஆமாங்க. அது எப்படித் தெரிஞ்சுது நமக்கு? அவங்களே சொன்னதாலதானே. புது ஆள் கெடுத்தா சொல்வாரா? அப்பவும் என்கிட்டதான் வருவீங்க." கொஞ்சம் நிறுத்தி, மீதியையும் சொன்னேன். "அன்னைக்குத் தரை வழவழன்னு இருந்தது எனக்கும் தெரியுங்க. பார்த்துட்டுத்தான் பூசினேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். டின் தூக்கத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ரெண்டு பேரும் நல்ல ஜோடிதான்" என்று சொல்லிவிட்டு போனை எடுத்தார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு குடோன் வாசலில் வண்டி நின்றது. மாமா ஸ்டூலோடு இறங்கினார். அக்கா மெஷினை இறக்க ஒரு பக்கம் பிடித்தார், மறுபக்கம் நான் பிடித்தேன்.

"உளறிட்டியாமே அவர்கிட்ட" என்றார்.

"சொல்லிட்டேங்கா."

"சரி, பார்த்துப் புடி. உனக்கும் இடுப்பு போச்சுன்னா எனக்கு ரெண்டு ஸ்டூல் வாங்கக் கட்டுப்படியாகாது."