சீதன வயலுக்குப் பி.எச். பார்த்த கதை

பி.எச். மீட்டர் எங்கள் விவசாயக் கந்தோருக்கு வந்த முதல் நாளே ஒருவர் அதை வாயில் வைக்கப் பார்த்தார்.

விதைநெல் விசாரிக்க வந்த மனிதர். "இது மண்ணுடைய புளிப்பைக் காட்டுற கருவி" என்று நான் பக்கத்து மேசைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்துவிட்டது. மெதுவாக என் மேசைக்கு வந்தார்.

"மிஸ், புளிப்புப் பாக்குற மெசின் எண்டா என்ட நெஞ்செரிவயும் ஒருக்காப் பாருங்களன்" என்று வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

"காக்கா, இது மண்ணுக்குள்ள போற சாமான். நீங்க மண்ணுக்குள்ள போக இன்னும் காலமிரிக்கி. வாய மூடுங்க" என்றேன்.

நான் விவசாயப் போதனாசிரியர். கல்முனைப் பக்கத்து வயல்களில் கால் வைக்காத வரம்பு எனக்குக் குறைவு. ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் மீட்டரைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். கையேட்டில் இருப்பதை அவர்கள் கையேட்டில் படித்துக்கொள்ளட்டும். அதில் இல்லாததை நான் எழுதுகிறேன்.

1. கண்ணாடிக் குமிழின் குணம்

மீட்டரின் உயிர் எலக்ட்ரோடின் நுனியில் இருக்கும் சின்னக் கண்ணாடிக் குமிழ்தான். அது காயக்கூடாது. மூடிக்குள் அதற்கென்று தரும் உப்புக் கரைசல் எப்போதும் இருக்க வேண்டும். வடித்த நீர் சுத்தமானது என்று அதிலேயே ஊறப்போட்டு வைப்பவர்கள் உண்டு. சுத்தம் அதிகமானால் குமிழ் செத்துப்போகும். கழுவத்தான் வடித்த நீர், வைக்க உப்புக் கரைசல். கழுவியபின் டிசுத் தாளால் ஒற்றி எடுக்க வேண்டும், துடைக்கக்கூடாது. எங்கள் கந்தோரில் ஒருவர் அதைச் இடுப்புச் சாரன் முனையால் மூக்குக்கண்ணாடி துடைப்பதுபோலத் துடைத்ததைப் பார்த்த அன்றிலிருந்து மீட்டர் என் அலுமாரியில், சாவி என் கைப்பையில்.

அளக்கத் தொடங்குமுன் பஃபர் கரைசலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏழு என்று எழுதிய போத்தலில் ஏழு காட்ட வேண்டும், நாலில் நாலு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருத்திவிட்டுத்தான் மண்ணுக்குப் போகலாம். இந்த வேலையைச் சோம்பலில் விடுகிறவர்கள் பிறகு விவசாயிக்குச் சொல்லும் ஆலோசனை எல்லாம் வெறும் வாய்ப்பந்தல்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்து வந்தவள் நான். அப்படியிருந்தும் இந்த மீட்டர் ஒரு கலியாணத்தைக் குழப்பப் பார்த்தது.

2. நாலு தசம் மூன்று

நற்பிட்டிமுனை இஸ்மாயில் காக்கா, அதாவது இஸ்மாயில் அண்ணன், எனக்குப் பழக்கமான விவசாயி. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் சிபானாவுக்கு அட்டாளைச்சேனையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். எங்கள் ஊர்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார், பெண்ணுக்குத்தான் காணியும் வீடும் எழுதுவார்கள். இஸ்மாயில் காக்காவிடம் இருந்தது ஒரு வீடும் இரண்டு ஏக்கர் வயலும். வயல் மூத்தவளுக்கு, வீடு இளையவளுக்கு என்று பேச்சு.

மாப்பிள்ளை றிபாஸ் வங்கியில் வேலை செய்கிற அமைதியான பிள்ளை. அவருக்கும் சேர்த்துக் கதைப்பதற்கு அவருடைய மாமா உதுமாலெப்பை ஹாஜியார் இருந்தார். ஹாஜியார் கைபேசியில் மண் பரிசோதனை பற்றி ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். பாதியில் டேட்டா முடிந்துவிட்டது. பார்த்த பாதியை வைத்து, "பி.எச். பாக்காம சீதன வயல எடுக்க ஏலா" என்று சொல்லிவிட்டார்.

ஹாஜியாரும் இஸ்மாயில் காக்காவும் ஒன்றாகவே கந்தோருக்கு வந்தார்கள். இஸ்மாயில் காக்கா ஒரு தயிர்ச் சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். வாய் வாழையிலையால் மூடி, நூலால் கட்டியிருந்தது. எனக்குத் தயிர்தான் கொண்டு வருகிறார் என்று நினைத்து, "என்னத்துக்கு காக்கா இதெல்லாம்" என்று சொல்லியும்விட்டேன். பிரித்துப் பார்த்தால் மண். கட்டி இல்லை, கல் இல்லை, ஒரு வேர் இல்லை. மா அரிக்கிற அரிதட்டில் அரித்த மண்.

வடித்த நீரில் கலக்கி, தெளிய வைத்து, எலக்ட்ரோடை இறக்கினேன். நான் கணக்குப் பார்த்துச் சொல்லுமுன் ஹாஜியார் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டார்.

"நாலு தசம் மூணு! பாத்தீங்களா இஸ்மாயில்? நூத்துக்கு நாப்பத்திமூணு. எங்கட காலத்தில இதுக்கு வாத்தியார் பிரம்பால தருவாரு."

"ஹாஜியார், இது பத்துக்குப் போடுற மாக்ஸ் இல்ல. இதுட கணக்கு வேற" என்றேன்.

"மிஸ், நான் வீடியோ பாத்தவன். கொறைஞ்சா மண் செத்த மண்."

நெல் வயலில் தண்ணீர் கட்டினால் புளிப்புத் தானாகவே குறையும், சுண்ணாம்பு போட்டும் திருத்தலாம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் எழுந்துவிட்டார். வாசலில் நின்று சொன்னார்:

"வயல் வேணாம். வீட்ட எழுதுங்க. ஏலாட்டி நாங்க வேற எடம் பாக்கம்."

அவருடைய வான் வண்டி போன பிறகும் இஸ்மாயில் காக்கா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"மிஸ், வீட்டக் குடுத்தா எளயவள எங்க வெக்கிற? குடுக்காட்டி மூத்தவள்ற கலியாணம்? மண்டபமும் சொல்லியாச்சி, ஊருக்கும் சொல்லியாச்சி. என்ட வாப்பா வெட்டின வயல் மிஸ் அது. இவ்வளவு காலமும் சோறு தந்த மண் எப்பிடி மிஸ் செத்துப் போகும்?"

மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அந்த மீட்டரைத் தூக்கிக் குளத்தில் போட்டால் என்ன என்று அன்றைக்கு உண்மையாகவே தோன்றியது.

3. தேசிக்காய் மணம்

கோபம் தணிந்ததும் செய்ய வேண்டியதைச் செய்தேன். முதலில் மீட்டர். பஃபர் ஏழில் ஏழு காட்டியது. நாலில் நாலு காட்டியது. மீட்டரில் ஒரு குறையும் இல்லை.

அப்படியென்றால் மண். அந்த வயல் வட்டையில் பக்கத்து வயல்களை எல்லாம் நான் அளந்திருக்கிறேன். ஒன்றும் ஐந்தரைக்குக் கீழே போனதில்லை. நடுவில் இந்த இரண்டு ஏக்கர் மட்டும் ஏன் புளிக்க வேண்டும்? சட்டியை எடுத்து முகத்தருகே கொண்டுபோனேன். மண்ணுக்கு மண் வாசம் இருக்கும். இதில் சர்பத்துக் கடை வாசம் வந்தது.

உடனே இஸ்மாயில் காக்காவின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் தொழப் பள்ளிக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி கதீஜா ராத்தா எடுத்தார்.

"ராத்தா, இந்தச் சட்டிய எதால கழுவின?"

"ஏன் மிஸ், தயிர் மணம் வருகிதா?" என்று பதறிப்போனார். "கவுன்மெண்டுக் கந்தோருக்குப் போற மண். மாப்பிள்ள ஊட்டாக்களும் பாக்கப் போறாங்க. சொப்பிங் பேக்கில குடுத்தா என்ன நினைப்பாங்க? அதான் சட்டியில போட்ட. தயிர் மணம் போகட்டும் எண்டு தேசிக்காயப் புழிஞ்சி ஊத்தி, ராவு முழுக்க ஊற வெச்ச."

"பொறகு தண்ணியால கழுவினீங்களா?"

"கழுவினா தேசிக்காய் வாசம் போயிருமே மிஸ்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தயிரில் பழகிய சட்டி. அதற்கு மேல் ஒரு இரவு குடித்த தேசிக்காய்ச் சாறு, எலுமிச்சையின் அத்தனை புளிப்பும். அதற்குள் இரண்டு கை அரித்த மண். மீட்டர் வயலை அளக்கவில்லை, கதீஜா ராத்தாவின் மரியாதையை அளந்திருக்கிறது.

நான் விளக்கிச் சொன்னதும், "அல்லாஹ்வே, என்ட கையாலயா மிஸ் என்ட புள்ளட கலியாணத்தக் குழப்பின?" என்று அழத் தொடங்கினார். "எங்கட மனிசன்ட சொல்லிராதீங்க. ஹாஜியார்ட சொல்லவே சொல்லிராதீங்க."

"யார்டயும் சொல்ல மாட்டன். சட்டி என்னோட இரிக்கட்டும்" என்றேன்.

இன்றைக்கு எழுதுகிறேன் என்றால், அவர் அனுமதி தந்த பிறகுதான். "இப்ப எழுதுங்க மிஸ், பேரப்புள்ளையும் வந்திட்டு" என்று சிரித்தார்.

4. எட்டு தசம் மூன்று

முறைப்படி நானே வயலில் மண் எடுத்துப் பார்த்தால்தான் முடிவு சொல்வேன் என்று இரண்டு வீட்டுக்கும் அறிவித்தேன். ஹாஜியார் மறுக்கவில்லை. மேற்பார்வை செய்யக் குடையோடு வரம்புக்கே வந்துவிட்டார்.

அறுவடை முடிந்த வயல். வளைந்து வளைந்து நடந்து, உழவு ஆழத்துக்குத் தோண்டி, பல இடத்து மண்ணை எடுத்து வாளியில் கலந்தேன். "அந்த மூலையில எடுங்க மிஸ்" என்று ஹாஜியார் காட்டிய மூலை எருமைகள் படுக்கிற மூலை. "அங்க எடுத்தா எருமைட பி.எச்.தான் வரும் ஹாஜியார்" என்றேன்.

வாப்பாவுக்குத் தேத்தண்ணீர் கொண்டு வந்திருந்த சிபானா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆசிரியப் பயிற்சி எடுக்கிற பிள்ளை. குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"மாமா, ஒங்கட வயல் மண்ணையும் மிஸ்ட குடுங்களன். நல்ல மண் எவ்வளவு காட்டும் எண்டு எங்களுக்கும் தெரியத்தானே வேணும்."

ஹாஜியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஓம் மகள்! நல்ல கதை. மிஸ், இப்பவே வாங்க" என்று என்னை வானில் ஏற்றிக்கொண்டு போனார். அவருடைய வயல் அட்டாளைச்சேனையில், உவர்த் தண்ணீர் ஏறுகிற பக்கம். அங்கேயும் அதே முறையில் எடுத்தேன். இரண்டையும் நிழலில் உலர்த்தினேன். இரண்டும் சொப்பிங் பேக்கில்தான் இருந்தன.

முடிவு பார்க்கிற நாள் என் மேசையைச் சுற்றி இஸ்மாயில் காக்கா, சிபானா, ஹாஜியார், மாப்பிள்ளை றிபாஸ். யாரும் பிறகு வாய் திறக்கக்கூடாது என்று எல்லோர் முன்னாலும் பஃபரில் வைத்துக் காட்டினேன். ஏழுக்கு ஏழு, நாலுக்கு நாலு. ஹாஜியார் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

முதலில் இஸ்மாயில் காக்காவின் மண். ஐந்து தசம் ஒன்பதில் நின்றது. இஸ்மாயில் காக்கா என் முகத்தைப் பார்த்தார், நான் மீட்டரைப் பார்த்தேன்.

"கூடியிரிக்கிதான்" என்று ஹாஜியார் ஒத்துக்கொண்டார். "ஆனா இன்னும் காணா. என்டயப் போடுங்க."

எலக்ட்ரோடைக் கழுவி, ஒற்றி, அவருடைய மண்ணில் இறக்கினேன். ஏழைத் தாண்டியது. ஹாஜியாரின் முதுகு நிமிர்ந்தது. எட்டைத் தாண்டியது. எட்டு தசம் மூன்றில் நின்றது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கந்தோரே திரும்பிப் பார்க்கச் சொன்னார். றிபாஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தியா மருமகன், எட்டு தசம் மூணு! இதுதான் மண்!"

நான் எலக்ட்ரோடை மூடிக்குள் போட்டுவிட்டுக் கேட்டேன்: "ஹாஜியார், ஒங்களுக்குச் சீனி வருத்தம் இரிக்கா?"

"இரிக்கி. அதுக்கென்ன?"

"சீனி டெஸ்ட்ல நம்பர் கூடிட்டுதெண்டா இப்பிடித்தான் கை குலுக்குவீங்களா?"

அவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

நெல்லுக்கு ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடைப்பட்டது நல்லது, இஸ்மாயில் காக்காவின் வயல் அதற்குள் நிற்கிறது, எட்டுக்கு மேல் போனால் பயிருக்குச் சத்து எடுக்க முடியாது, பெரும்பாலும் உவர் ஏறியிருக்கும் என்று சொன்னேன். ஹாஜியார் கதிரையில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"அதானா மிஸ் என்ட வேளாண்ம ஒவ்வொரு போகமும் மஞ்சளாப் போற? நான் விதநெல்லுக் கடக்காரனோடயெலாம் சண்ட புடிச்சன்."

அப்போது றிபாஸ் வாயைத் திறந்தார். அவர் கதைத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மாமா, வீட்டுக் கதைய விடுங்க. எங்களுக்கு அந்த வயல் போதும்."

சிபானா விடவில்லை. "ஓம் மாமா. ஒங்கட வயலையும் எங்களுக்கு எழுதிராதீங்க, நாங்க தாங்க மாட்டம்."

முதலில் சிரித்தவர் ஹாஜியார்தான். அந்தச் சிரிப்புக்காக அவரை மன்னித்துவிட்டேன். இஸ்மாயில் காக்கா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஹாஜியார் தனியாக வந்தார். நல்ல தண்ணீர் கட்டி உவரைக் கழுவி வடிய விடுவது எப்படி, எந்த நெல்லினம் உவரைத் தாங்கும் என்று பள்ளிப் பிள்ளைபோல உட்கார்ந்து கேட்டார். இப்போது அவர் வீடியோக்களை முழுதாகப் பார்க்கிறாராம்.

புதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வந்தது இதுதான். குமிழைக் காயவிடாமல் வைப்பதும் பஃபரில் சரி பார்ப்பதும் பாதி வேலை. மண் யார் கையால், எந்தப் பாத்திரத்தில், என்ன ஆசையோடு உங்கள் மேசைக்கு வந்தது என்று கேட்பது மீதிப் பாதி. கேட்காமல் இலக்கத்தை வாசித்தால் ஒரு குடும்பம் வீட்டை இழக்கும்.

வலீமா விருந்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தயிர்ச் சட்டி வந்தது. கதீஜா ராத்தா கூட்டத்துக்குள்ளால் என்னைத் தேடி வந்து, காதுக்குள் சொன்னார்:

"மிஸ், புதுச் சட்டி. தேசிக்காய் படல்ல."

மணந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.