வெள்ளைத்தாய் சாகவிடாத குதிரைவீரன்

வெள்ளைத்தாயிடம் அழகு என்று சொல்ல எதுவும் கிடையாது. குரல் மட்டும் இருந்தது. வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் அவளுக்குக் காய் பொறுக்கும் வேலை. உலர்ந்து வந்த காயை முறத்தில் கொட்டி, பெரிசு சிறிசு பிரித்து, வெடித்ததையும் கருத்ததையும் ஒதுக்க வேண்டும். குனிந்த தலை பொழுதுக்கும் நிமிராது. சங்கரன்கோவில் பக்கம் பிறந்து, கல்யாணமாகி மலையேறியவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாளே தவிர எழுத்தை விடவில்லை. கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த காகிதத்தைக்கூட நீவி வாசித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவாள். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளையும் இல்லை. மிச்சம் இருந்த ஒரே பைத்தியம், வாரப்பத்திரிகையில் வரும் சரித்திரத் தொடர்கதை.

பத்திரிகை கம்பத்திலிருந்து வரும் பஸ்ஸில் வெள்ளிக்கிழமை வந்து சேரும். சனிக்கிழமை மத்தியானக் கஞ்சிக்குப் பிறகு ஸ்டோரில் வாசிப்பு. வாசிக்கிற கை காய் பொறுக்க முடியாதல்லவா? அதற்குப் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கை பொறுக்கிய காயை அவள் முறத்தில் போட்டுவிடுவார்கள். சூப்பர்வைசர் சூசையப்பன் முதலில் முறைத்துப் பார்த்தார். பிறகு தானும் கதவோரம் நின்று கேட்க ஆரம்பித்தார். அதோடு முறைப்பு போயிற்று.

வெள்ளைத்தாய் கதையை முன்கூட்டி வாசிக்கவே மாட்டாள். எல்லாருக்கும் தெரிகிற நேரத்தில்தான் தனக்கும் தெரிய வேண்டும் என்பது அவள் பிடிவாதம். வாசித்து முடித்ததும் பத்திரிகை கைக்குக் கை போகும். எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படம்தானே கதை! படத்தைப் பார்த்தால்தான் அந்த வாரம் வாசித்ததாகக் கணக்கு.

எழுபத்து நாலாம் வருஷம் ஓடிய தொடர்கதையில் ஒரு குதிரைவீரன் வந்தான். வாய் நிறையத் தூய தமிழ்ப் பெயர். ஸ்டோரில் ஒருத்திக்கும் அது நாக்கில் நிற்கவில்லை. குதிரைக்காரன் என்றே வைத்துக்கொண்டார்கள். அவன் காதலி ஒரு கோட்டைத் தலைவனின் மகள். அவளுக்காக அவன் பகைவர் கோட்டைக்குள் ஓலை கொண்டுபோகிறான், சுரங்கத்தில் மாட்டிக்கொள்கிறான், மதிலேறிக் குதிக்கிறான். ஐப்பசியில் ஒரு வாரம், அம்பு பட்டு வெள்ளம் புரளும் ஆற்றில் விழுந்தான். அத்தோடு ‘தொடரும்’ போட்டுவிட்டார்கள். இந்தத் தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு ஈவிரக்கமே கிடையாது.

அந்த வாரம் ஒரு முறம் மட்டும் அசையாமல் இருந்தது. அது அன்னமயிலுடையது.

அன்னமயிலுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. அவள் புருஷன் சுடலை ஆவணியில் காட்டுக்குள் போனவன் திரும்பவில்லை. ஒரு வியாபாரியின் கணக்கில் வராத காயைத் தலைச்சுமையாகக் காட்டுப்பாதை வழியே கம்பம் பக்கம் இறக்கிவிடுகிற வேலைக்குப் போயிருந்தான். யானை மிதித்துவிட்டது என்றான் ஒருவன். பள்ளத்தில் விழுந்தான் என்றான் இன்னொருவன். அனுப்பிய வியாபாரியோ சுடலை என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை என்று சாதித்துவிட்டான். தீபாவளிக்கு வந்த அன்னமயிலின் அண்ணன், "பொங்கலுக்கு வருவேன். மூட்டை கட்டி வை. வேற எடம் பாத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

ஓடையில் துணி அலசும்போது அன்னமயில் வெள்ளைத்தாயிடம் மனசைத் திறந்தாள்.

"மதினி, நான் மனசுல ஒண்ணு நெனச்சிருக்கேன். சிரிக்கப்பிடாது."

"சொல்லுட்டி."

"அந்தக் குதிரைக்காரன் தண்ணியில இருந்து பொழைச்சு வந்துட்டாம்னா, இவுகளும் உசுரோட இருக்காகன்னு அர்த்தம். நான் இங்கனயே கெடப்பேன். அவன் செத்துட்டாம்னா அண்ணன் பின்னால எறங்கிருதேன்."

"கோயில்ல பூக்கேக்க வேண்டியதுதான? கதைப் பொஸ்தகத்துலயா குறி கேப்பாக?"

"சாமிட்ட கேக்கப் பயமா இருக்கு மதினி" என்றாள் அன்னமயில்.

வெள்ளைத்தாய் சிரித்து வைத்தாள். கதாநாயகனை யாராவது பாதியில் கொல்வார்களா? பிழைத்துத்தான் வருவான் என்ற தைரியம் அவளுக்கு.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போலப் பத்திரிகையை விரித்தாள். வெள்ளம் வடிந்த ஆற்றங்கரையில் ஒரு படகோட்டி ஓர் உடலைக் காண்கிறான். மார்பில் முறிந்த அம்பு. கவசத்தில் கோட்டைத் தலைவனின் முத்திரை. அடுத்த வரியை அவள் கண் முந்திக்கொண்டு பார்த்துவிட்டது. உடல் சில்லிட்டிருந்தது என்று அச்சடித்திருந்தான் பாவி. நிமிர்ந்தாள். அன்னமயிலின் விரல்கள் காய்க்குள் புதைந்து நின்றன. அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை.

வெள்ளைத்தாயின் வாய் வாசித்தது: "படகோட்டி அவன் நாசியருகே விரலை வைத்தான். மெல்லிய மூச்சு இழையோடிக்கொண்டிருந்தது!"

ஸ்டோரே பெருமூச்சு விட்டது. மேற்கொண்டு இரண்டு பக்கம், அச்சில் ஒரு வார்த்தைகூட இல்லாத கதையை, பக்கத்தைப் பார்த்தபடியே வாசித்து முடித்தாள். இத்தனை வருஷம் வாசித்த நடை நாக்கில் ஊறியிருந்தது. 

"மதினி, படம்!"

அதை மறந்தே போயிருந்தாள். படத்தில் சிதை எரிகிறது. மேலே கவசத்தோடு ஒருவன் கிடக்கிறான். பக்கத்தில் கோட்டைத் தலைவன் மகள் தலைவிரிகோலமாக நிற்கிறாள்.

"எரியறது யாரு மதினி?" என்றாள் ஒருத்தி.

வெள்ளைத்தாய் படத்தில் விரலை வைத்தாள். "அது பகைவன் ஆளு. வேவு பாக்க வந்தவன். அவன் பொணத்துக்குக் குதிரைக்காரன் கவசத்தை மாட்டி எரிக்காக. அப்பத்தான செத்துட்டாம்னு நெனச்சுத் தேடாம விடுவான்?"

"அப்ப இவ ஏன் அழுதா?"

"நடிக்கா!"

என்ன மூளை, என்ன மூளை என்று கதை எழுதியவரைப் பெண்கள் புகழ்ந்து தள்ளினார்கள்.  அன்னமயில் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் முறத்திலிருந்து இரண்டு கை காயை அள்ளி வெள்ளைத்தாயின் முறத்தில் போட்டாள்.

அதற்குப் பிறகு வெள்ளைத்தாய் பட்ட பாடு கொஞ்சமல்ல. அச்சில் இருந்த கதை ஒரு பக்கம் போயிற்று, அவள் கதை ஒரு பக்கம் போயிற்று. குதிரைக்காரனைத் தேனெடுப்பவர் குடிசையில் படுக்கவைத்து மூலிகை கட்டினாள். படத்தில் அவனைக் காணோமே என்று கேட்டபோது, நீண்ட தாடி மந்திரியைக் காட்டி அதுதான் மாறுவேஷத்தில் அவன் என்றாள். பாவம் மந்திரி, மூன்று வாரம் குதிரைக்காரனாக வாழ்ந்தார். மார்கழியில் வந்த இதழில் கோட்டைத் தலைவன் மகளுக்குப் பகையரசன் மகனோடு கல்யாணமே நடந்துவிட்டது. பக்கம் நிறைய மணமேடைப் படம். வெள்ளைத்தாய் அதைக் கனவு என்று சொல்லிச் சமாளித்தாள்.

ஒரு நாள் சூசையப்பன் பத்திரிகையை அவள் கையிலிருந்து வாங்கினார். அந்த ஸ்டோரில் அவளைத் தவிர வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நின்றபடியே ஒரு பக்கம் முழுக்க வாசித்தார். அவளைப் பார்த்தார், அன்னமயிலைப் பார்த்தார். "சரியாத்தான் வாசிக்கே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனார். நல்ல மனுஷன்.

பொங்கலுக்குச் சொன்னபடியே அண்ணன் வந்தான். அன்னமயில் வரமாட்டேன் என்றாள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் வைத்தே அவன் சத்தம் போட்டான். "இனி ஒனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு கெடையாது. செத்தாலும் சொல்லி விடாத" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த பொங்கல் சீரைத் திண்ணையில்கூட வைக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

அன்றைக்குத்தான் வெள்ளைத்தாய்க்குத் தான் செய்தது உறைத்தது. வாழ வேண்டிய ஒரு பெண்ணை, காகிதத்தில் செத்துப்போன ஒருவனைக் காட்டிக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. சுடலை நிஜமாகவே போயிருந்தால்? இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்து ஓடைக்குப் போனாள். அன்னமயில் துணியைப் பாறையில் அடித்துக்கொண்டே, "அடுத்த வாரம் அவன் மலையேறி வந்துருவாம்லா மதினி?" என்று கேட்டாள்.  "வராம எங்க போவான்" என்று சொல்லிவிட்டு வெள்ளைத்தாய் திரும்பி வந்து, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மாசியில், கடைசிக் காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பகல் வேளையில், ஸ்டோர் வாசலில் ஒருவன் வந்து நின்றான். கன்னம் ஒட்டி, மொட்டைத் தலையில் அரை விரல் மயிர் முளைத்து நின்றவனை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அன்னமயிலுக்குத் தெரிந்தது. முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். சிதறிய காயை மிதித்துக்கொண்டே ஓடினாள்.

அழுகையும் சிரிப்பும் அடங்க நேரம் பிடித்தது. யாரோ கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். சுடலை குடித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னான். மலையிறங்கும்போதே வனக்காவலர்கள் பிடித்து ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரில் தலைகுனிவு வேண்டாமே என்று பேரையும் ஊரையும் மாற்றிச் சொன்னான். அதனால்தான் ஒரு தகவலும் இங்கே வரவில்லை. மார்கழிப் பிறப்பில் விடுதலை ஆகிவிட்டது.

"மார்கழியிலயா?" என்றாள் அன்னமயில். "இப்ப மாசி. இத்தன நாளு எங்க இருந்திய?"

சுடலை தலையைக் குனிந்துகொண்டான். "கம்பத்துலதான், ஒரு தோட்டத்துல. வர மனசு இல்ல புள்ள. உள்ள இருக்கையில ஒருத்தன் பத்திரிகை வாசிப்பான். இங்க நீங்க கேப்பியளே, அதே கதைதான். குதிரைக்காரன் செத்துட்டான். எரிச்சுட்டாக. வெளிய வந்த பெறகு டீக்கடையில கேட்டேன், அந்தப் பொண்ணும் வேற ஒருத்தனக் கட்டிக்கிட்டாளாம். ஒனக்கும் ஒங்க அண்ணன் எடம் பாத்திருப்பாக, போயிருப்பன்னு நெனச்சேன். என் போர்வையும் பொட்டியும் கெடக்கே, அத எடுத்துட்டுப் போவம்னுதான் வந்தேன்."

 ஒவ்வொரு தலையாக வெள்ளைத்தாய் பக்கம் திரும்பியது. அவளுக்குச் சுவருக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது. சூசையப்பன் கதவோரம் நின்று மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குதிரைக்காரன் செத்துட்டானா?" என்றாள் ஒருத்தி மெதுவாக. "அப்ப அந்தத் தாடிக்காரன்?"

அன்னமயிலும் வெள்ளைத்தாயைத்தான் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது அந்தக் கண்ணிலேயே தெரிந்தது. கோபப்படுவாள், ஒரு வார்த்தையாவது கேட்பாள் என்று வெள்ளைத்தாய் காத்து நின்றாள். அன்னமயில் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"யாரு ஒங்களுக்குச் சொன்னா செத்துட்டாம்னு? வாசிக்கத் தெரியாத பய எவனோ வாசிச்சிருக்கான். அவன் செத்திருந்தா, இன்னைக்கு நீங்க போர்வையை மட்டும்தான் எடுத்துட்டுப் போயிருப்பிய. மதினி, அவன் எப்படிப் பொழைச்சாம்னு இவுகளுக்கு மொதல்ல இருந்து சொல்லுங்க."

வெள்ளைத்தாய் வாயைத் திறந்தாள். அவளுக்கு அழுகைதான் வந்தது. அவளுக்குப் பதிலாக ஸ்டோரில் இருந்த பெண்கள் எல்லாரும், ஒருத்தி பேச்சை ஒருத்தி பறித்துக்கொண்டு, ஆற்றங்கரைப் படகோட்டியிலிருந்து சுடலைக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார்கள்.