கலாமாவில் ஒரு சனிக்கிழமை

பிளோறன்ஸ் அக்கா மன்னார்க்காரி. ஜெர்மனியில், கொலோன் நகரத்தில், ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. தன்னைப் பற்றி அதிகம் பேசமாட்டார். அவர் இங்கே வந்த பிறகு, 1990இல், ஊரில் தம்பி எமிலை ராணுவம் பிடித்துக்கொண்டு போனது என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது.

சலவைக்கூடத்தில் அவரோடு ஆறு வருடம் துணி மடித்தவர் மார்த்தா, சிலி நாட்டு அகதி. அங்கே ராணுவ ஆட்சி முடிந்ததும் மார்த்தா சொந்த ஊரான கலாமாவுக்குத் திரும்பிவிட்டார். பாலைவனத்தின் நடுவே, செப்புச் சுரங்கத்தை நம்பி இருக்கும் நகரம் அது. ஒவ்வொரு நத்தாருக்கும், கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு, வரச்சொல்லிக் கடிதம் போடுவார்.

1997இல் அக்கா புறப்பட்டார். கணவர் அல்பேர்ட்டுக்கு விளங்கவில்லை.

"அங்க கல்லையும் மண்ணையும் விட்டா என்ன இருக்கு?"

"மார்த்தா இருக்கிறா," என்றார் அக்கா.

விமானத்திலிருந்து பார்த்தபோது ஒரு மரம்கூடக் கண்ணில் படவில்லை. இரண்டாம் நாளே உதடு வெடித்துவிட்டது. மார்த்தா சுரங்கத்தைக் காட்டினார்: ஊரையே உள்ளே வைக்கலாம் போன்ற பள்ளம், அடியில் எறும்புகளாக லாரிகள். தன் அண்ணன் அங்கேதான் வேலை செய்தார் என்றும், 1973இல் சிப்பாய்கள் கொண்டுபோய்ச் சுட்டுப் பாலைவனத்தில் எங்கோ புதைத்துவிட்டார்கள் என்றும் சொன்னார்.

சனிக்கிழமை காலை மார்த்தாவும் நான்கு பெண்களும் மண்வெட்டிகளோடு பாலைவனத்துக்குக் கிளம்பினார்கள். அவரவர் ஆட்களின் எலும்பைத் தேடி. அக்காவும் ஒரு மண்வெட்டி வாங்கிக்கொண்டார். மத்தியானம்வரை கிண்டியும் எதுவும் கிடைக்கவில்லை. வண்டி நிழலில் பாண் சாப்பிடும்போது, உங்களுக்கும் யாராவது உண்டா என்று ஒரு பெண் மார்த்தா மூலம் கேட்டார். அக்கா எமிலைப் பற்றிச் சொன்னார். அத்தனை வருடத்தில் மார்த்தாவும் அதை அன்றுதான் கேட்டார்.

"எங்கெல்லாம் தேடினாய்?" என்றார் மார்த்தா.

"நான் தேடேல்லை," என்றார் அக்கா. "தேடினா, இல்லையெண்டு சொல்லிப்போடுவினம் எண்ட பயம்."

மார்த்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கொலோன் வந்த அதே வாரம் அக்கா செஞ்சிலுவைச் சங்கத்தில் தேடல் விண்ணப்பம் கொடுத்தார். தம்பியின் உயரம், இடது புருவத்துத் தழும்பு, கடைசியாகப் போட்டிருந்த நீலச் சட்டை எல்லாம் எழுதினார். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது: தகவல் எதுவும் இல்லை.

இரண்டு நாள் அக்கா வேலைக்குப் போகவில்லை. பிறகு, எமிலோடு பிடிபட்ட இரண்டு பேரின் தாய்மாரை விசாரித்துக் கண்டுபிடித்தார். ஒருவர் பாரிசில், மற்றவர் மன்னாருக்குப் பக்கத்து மடுவில் இருந்தார்கள். அடுத்த விண்ணப்பம் மூன்று பெயர்களோடு போனது.