பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க

நாற்பது கிலோ நெல் மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு சாய்ந்த பலகையில் ஏறி லாரிக்குள் கொண்டுபோய்ப் போட, உடம்பில் தெம்பு இருந்தால் போதும். அந்த மூட்டைகளை மேலே நின்று வாங்கி அடுக்குவதற்குத்தான் வேலை தெரிய வேண்டும். எதைக் குறுக்கே போடுவது, எதை நீளவாக்கில் போடுவது, ஓரத்து வரிசையை எவ்வளவு உள்ளே தள்ளி வைப்பது என்று தெரியாதவன் அடுக்கினால், வாய்க்கால் திருப்பத்தில் லாரி ஒரு குலுங்கு குலுங்கியதும் மேல்வரிசை மொத்தமும் தண்ணீருக்குப் போய்விடும். பாபநாசத்துக்குத் தெற்கே நெடுவாய்க்குடி கொள்முதல் நிலையத்தில் பதினான்கு வருஷமாக லாரி மேல் நிற்பவன் ரெத்தினம். அவன் அடுக்கிய லாரியிலிருந்து ஒரு மூட்டைகூட விழுந்ததில்லை.

நாற்பத்தொரு வயது. அகலமான தோள். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். மனைவி எழில்மொழி பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறாள். ஒரே மகள் கும்பகோணத்தில் கல்லூரிக்குப் போகிறாள். வீடு சொந்த வீடு. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனால்தான் சித்திரையில் அது வந்தபோது அவனுக்கே விளங்கவில்லை.

ஒரு நாள் காலையில் பல் துலக்கப் போனவன் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி அரை மணி நேரம் நின்றான். பேஸ்ட் வைத்தாயிற்று. வாய்க்குக் கொண்டுபோகத்தான் முடியவில்லை. பிறகு சோறு இறங்கவில்லை. தூக்கம் போயிற்று. மகள் ஏதாவது கேட்டால் பதில் சொல்வதற்குள் கண்ணில் தண்ணீர் வந்தது. லாரி மேல் ஏறினால், அடுத்த மூட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"ஒனக்கு என்னடா கொறச்சல்? புள்ள படிக்குது, பொண்டாட்டி சம்பாதிக்குது" என்றார் அண்ணன். கோயிலுக்குக் கூட்டிப்போய் மணிக்கட்டில் கயிறு கட்டிவிட்டார். கொள்முதல் நிலையக் களத்து ஆட்கள் வேறு வழி சொன்னார்கள். "ஒரு குவார்ட்டர் போடு மாமா, எல்லாம் சரியாப் போயிடும்." அதையும் செய்து பார்த்தான். மறுநாள் காலை இன்னும் பாரமாக விடிந்தது.

ஆவணி மாதம் ஒரு சாயங்காலம், கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்த எழில்மொழியிடம் போய், வானிலை சொல்வது மாதிரிச் சொன்னான்: "நான் இல்லாமப் போனா ஒங்களுக்கெல்லாம் நிம்மதியா இருக்கும்னு தோணுது."

அவள் கத்தவில்லை. கையிலிருந்த துணியைக் கொடியிலேயே போட்டுவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்று ராத்திரி முழுக்க அவனைத் தனியே விடவில்லை. விடிந்ததும் புடவை மாற்றிக்கொண்டு, "கெளம்புங்க, தஞ்சாவூர் போறோம்" என்றாள்.

"எங்க?"

"பெரியாஸ்பத்திரிக்கு. மனசுக்குப் பாக்குற டாக்டர்கிட்ட."

"எனக்கென்ன பைத்தியமா?"

"காலு ஒடிஞ்சா கட்டுப் போட வர மாட்டீங்களா? வாங்க."

டாக்டர் பெயர் ஃபஹ்மிதா. இளவயதுப் பெண். ரெத்தினம் ஒரு வார்த்தை சொல்வதற்கு ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டான். அந்த அம்மா அவசரப்படாமல் காத்திருந்தார். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். ஆமாம் என்றதும் முகம் சுளிக்கவில்லை. எப்போதெல்லாம் தோன்றுகிறது என்று அடுத்ததைக் கேட்டார்.

"இதுக்குப் பேரு மனச்சோர்வு. வியாதிதான், வைத்தியம் உண்டு" என்றார் கடைசியில்.

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்லீங்களே டாக்டர். அப்புறம் ஏன் வந்துச்சு?"

"கஷ்டம் இருந்தாத்தான் வரணும்னு இல்லீங்க. சக்கரை வியாதி காரணம் சொல்லிட்டா வருது? மாத்திரை வேலை செய்ய மூணு நாலு வாரம் ஆகும். நடுவுல நிறுத்திடாதீங்க. குடிக்கக் கூடாது. தெனம் கொஞ்சம் நடங்க. மனசுல என்ன ஓடுதோ அத வீட்டுல சொல்லிடுங்க. மறுபடி அந்த மாதிரி எண்ணம் வந்தா, தேதி வரட்டும்னு காத்திருக்காம அன்னைக்கே வந்துடணும்."

நான்காவது வாரம் ஒரு காலையில் எழில்மொழி வைத்த மீன் குழம்பில் புளி அதிகம் என்று அவனுக்குத் தோன்றியது. நாலைந்து மாதமாக நாக்கில் எதுவும் பட்டதாக நினைவில்லை. "புளி தூக்கலா இருக்கு" என்றான். அவள் அடுப்படியில் நின்றபடியே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாவது முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது புகழேந்தி பார்த்துவிட்டான். அதே களத்தில் மூட்டை தூக்குகிறவன், வயதில் சின்னவன், வாய்த்துடுக்கு. அம்மாவுக்குக் கண் காட்ட வந்தவன், மனநலப் பிரிவு வரிசையில் சீட்டோடு நின்ற ரெத்தினத்தைக் கண்டான்.

"என்ன மாமா, இங்க?"

"தெரிஞ்சவங்களுக்காக வந்தேன்" என்றான் ரெத்தினம். சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். அந்தப் பொய் அவனை ஊர் வரும்வரை அரித்தது. திருடனைப் போல எதற்காகப் பதுங்கினோம்? எதைத் திருடினோம்?

மறுநாள் களத்தில் அவனுக்குப் பெயர் மாறியிருந்தது.

"மெண்டலு, புடி!" என்று கீழிருந்து குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். ரெத்தினம் மூட்டையை வாங்கி வைத்தான். ஒரு வாரம் அப்படித்தான் போனது. சும்மா விளையாட்டுக்கு என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். ஆனால் வீட்டுக்கு வந்தால் பேசத் தோன்றவில்லை. மாத்திரை அட்டையைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஒரு நாள் போடாமல் விட்டான். எழில்மொழி கண்டுபிடித்துவிட்டாள்.

"என்ன நடக்குது களத்துல?"

மனசில் ஓடுவதைச் சொல்லிவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னாரே. சொன்னான்.

"அவனுங்க வாயக் கட்ட என்னால முடியாது. நீங்க பதில் சொல்றதும் சொல்லாததும் ஒங்க கையிலதான் இருக்கு" என்றாள் அவள்.

ஐப்பசி முதல் வாரம். குறுவை நெல் களம் முழுக்கக் குவிந்து கிடந்தது. கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டு லாரிகள் நின்றிருந்தன. எட்டு நாளாகத் தன் குவியலுக்குப் பக்கத்திலேயே காவல் கிடந்த தர்மாம்பாள் என்ற குத்தகைக்கார அம்மாள் தார்ப்பாயை இழுத்து மூடுவதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். அவள் மூட்டைகள் அப்போதுதான் எடை முடிந்து ஏறிக்கொண்டிருந்தன.

"மெண்டலு, புடிய்யா சீக்கிரம்!" என்றான் புகழேந்தி.

ரெத்தினம் வாங்கவில்லை. லாரியிலிருந்து நிதானமாக இறங்கினான். துண்டை உதறித் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

"என்ன மாமா?"

"என் பேரு ரெத்தினம். அதச் சொல்லிக் கூப்பிடுறப்ப ஏறுவேன்."

சிரித்தார்கள். ஐந்து நிமிஷம் போயிற்று. பலகையில் ஏறியவன் மூட்டையோடு நின்று, வாங்க ஆள் இல்லாமல் முனகினான். "சரி, ரெத்தினம் மாமா, வாங்க" என்று யாரோ சொன்னதும் எழுந்து ஏறினான். பத்து மூட்டை ஆயிற்று. இன்னொருவன் பழக்கத்தில் அதே பெயரைச் சொன்னான். ரெத்தினம் மறுபடியும் இறங்கினான், துண்டை விரித்தான், உட்கார்ந்தான்.

மேஸ்திரி நெடுமாறன் ஓடிவந்தார். "மழ வருது தம்பி. வெளையாடாத."

"வெளையாடுறது நான் இல்லீங்கண்ணே."

மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ ஏற வேணாம் போ. மாத்திரை திங்கிறவன லாரி மேல ஏத்தி, நீ கீழ விழுந்தா யாரு பதில் சொல்றது?"

 ரெத்தினம் எழுந்து நின்றான்.  

"ஆமா, திங்கிறேன். மனச்சோர்வுக்குத் திங்கிறேன். லாரி மேல நிக்கிற வேலைன்னு டாக்டர்கிட்டச் சொல்லி, ஏறலாமான்னு கேட்டுக்கிட்டுத்தான் ஏறுறேன். காலையிலேயே கட்டிங் போட்டுட்டு வர்றவனையெல்லாம் நீங்க யாருகிட்டக் கேட்டு ஏத்துனீங்கண்ணே? அவனுக்கு யாரும் பேரு வைக்கலியே. குடிச்சுட்டு வந்தா ஆம்பள, ஆஸ்பத்திரிக்குப் போனா மெண்டலா?"

 நாலைந்து பேர் தரையைப் பார்த்தார்கள். மேஸ்திரி வீம்புக்குப் புகழேந்தியை மேலே ஏற்றினார். அவன் மூன்று வரிசை அடுக்கினான். நான்காவதில் ஓரத்து மூட்டைகள் வழுக்கி, இரண்டு கீழே விழுந்து ஒன்று வாய் பிளந்தது. நெல் கொட்டியது. முதல் தூறலும் விழுந்தது.

தர்மாம்பாள் தார்ப்பாயை விட்டுவிட்டு நடுக்களத்துக்கு வந்தாள். "எட்டு நாளா நாயா காத்துக் கெடக்குறேன். ஒரு மனுசன அவன் பேரச் சொல்லிக் கூப்புட ஒங்களுக்கெல்லாம் நாக்கு சுளுக்கிக்குமாடா? கூப்புடுங்கடா!"

புகழேந்தி லாரி மேலேயே நின்றான். சாரல் முகத்தில் அடித்தது. "ரெத்தினம் மாமா" என்றான். பிறகு கொஞ்சம் சத்தமாக, "வந்துடுங்க. எனக்கு வரல."

ரெத்தினம் ஏறினான். புகழேந்தி அடுக்கியதைப் பிரித்து அடியிலிருந்து மறுபடி கட்டினான். மழை வலுப்பதற்குள் முதல் லாரிக்குத் தார்ப்பாய் போட்டுக் கயிறு இறுக்கிவிட்டார்கள். இரண்டாவதில் பதினேழு மூட்டை நனைந்தது. அதற்காக விவசாயிகள் சிலர் ரெத்தினத்தைத்தான் திட்டினார்கள். திட்டட்டும் என்று இருந்தான். நனைந்த மூட்டைகளை மறுநாள் கூலி வாங்காமல் பிரித்து உலர்த்திக் கொடுத்தான். ஆனால் உட்கார்ந்ததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

அதன்பின் எல்லாம் தேனாகிவிட்டது என்று சொல்ல முடியாது. முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர் கொஞ்ச நாள் உலாவியது. அண்ணி, "பொண்ணுக்கு வரன் பாக்குற நேரத்துல இப்பிடி நடுக்களத்துல சொல்லிட்டு வரலாமா?" என்று அழுதாள். அதற்கு மகளே பதில் சொன்னாள். "எங்கப்பா மாத்திரை போடுறது புடிக்காத வீட்டுக்கு நான் போய் என்ன பண்ணப் போறேன் பெரியம்மா?"

களத்தில் மட்டும், அவன் முகத்துக்கு நேராக, அந்தச் சொல் மறுபடி வரவில்லை.

சம்பா அறுவடையில், மாசி மாதத்தில், ரெத்தினத்துக்கு மறுபடி ஒரு சரிவு வந்தது. காலையில் எழ முடியவில்லை. இந்த முறை அவன் யாரும் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கவில்லை. எழில்மொழியிடம் சொன்னான். அன்றைக்கே தஞ்சாவூர் போவதென்று முடிவாயிற்று. கிளம்புவதற்கு முன் மேஸ்திரிக்குப் போன் போட்டான்.

"அண்ணே, நாலஞ்சு நாள் வர மாட்டேன். மனசு சரியில்ல. டாக்டரப் பாக்கப் போறேன்."

 "சரி தம்பி, பாத்துக்க. ஒடம்ப... மனசப் பாத்துக்க. பயலுவ கேட்டா காய்ச்சல்னு சொல்லிடவா?"

"வேணாம்ணே" என்றான் ரெத்தினம். "என்ன இருக்கோ அதச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு, எழில்மொழியோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான்.