தாட்பூட் தண்ணீர்

என் மனைவிக்கு மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு பாட்டில் ஆரஞ்சு கலர் வேண்டும். கொடைக்கானல் குளிரில் பல் கூசினாலும் விடமாட்டாள். சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, முதலில் அந்தக் கலரை நிறுத்துங்கள் என்று டாக்டர் சொன்னார். "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு, வருகிற வழியிலேயே ஒன்று வாங்கிக் குடித்தாள். கடைசி பாட்டிலாம். மறுநாள் இன்னொரு கடைசி பாட்டில் வந்தது.

எனக்கு உள்ளுக்குள் பயம். பயந்தால் நான் வாய்ச்சவடால் விடுவேன்.

"நானே பழத்தண்ணி போட்டுத் தர்றேன். அப்புறம் கலர் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கமாட்ட."

"சுடுதண்ணியவே அடிபிடிக்க விடுற ஆளு நீங்க," என்றாள்.

முதல் நாள் ஆரஞ்சைத் தோலோடு வட்டமாக வெட்டி இரவெல்லாம் ஊறப்போட்டேன். தோலின் கசப்பெல்லாம் இறங்கி, காலையில் அது கஷாயம். ஒரு வாய் குடித்துவிட்டு, "சளிக்கு நல்லதுங்க," என்றாள். அடுத்த முறை பிளம்ஸை மெல்லிசாகச் சீவினேன். புதினாவைக் கசக்காமல் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிப் போட்டேன். எங்கள் ஊரில் ஃப்ரிட்ஜ் எதற்கு? ஜாடியை ஜன்னல் ஓரம் வைத்தால் போதும். தண்ணீர் இளஞ்சிவப்பாக நின்றது. என் கண்ணே பட்டுவிடும்போல இருந்தது.

"பழம் கழுவுன தண்ணி மாதிரி இருக்கு," என்றாள். மத்தியானம் கலர் வந்தது.

விடாமல் தினமும் போட்டேன். ஒரு நாள் விடியற்காலை, கரண்ட் இல்லை, ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. ஜாடியை எடுத்துப் பார்த்தால், வழுவழுவென்று சவ்வுக்குள் கறுப்புக் கறுப்பாக ஏதோ மிதக்கிறது. நான் போட்டது பிளம்ஸும் புதினாவும்தான். எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் மேட்டு ஊற்றிலிருந்து குழாய் போட்டு வருவது. தவளை முட்டை! பக்கத்தில் குடித்துவைத்த டம்ளர். ஜாடியில் பாதி காலி. அவளைக் காணோம்.

அடுக்கம் கிராமத்தில் இருக்கிற அவள் தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஏலே மாப்ள, தவளை முட்டையக் குடிச்சா என்ன ஆகும்?"

"யாரு மாமா குடிச்சது?"

"உங்க அக்கா."

"அப்ப தவளைக்குத்தான் ஆபத்து."

அதற்குள் பால் பாக்கெட்டோடு அவள் உள்ளே வந்தாள்.

"வாந்தி வருதா? கெளம்பு, வெரசா ஆஸ்பத்திரிக்குப் போவோம்!" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

நான் கை நீட்டிக் காட்டிய ஜாடியை அவள் பார்த்தாள். ஒரு கரண்டி மொண்டாள். வாயில் போட்டு நறுக் நறுக்கென்று மென்றாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"தாட்பூட் பழங்க. நாந்தான் ராத்திரி ரெண்ட ஒடச்சு ஊத்துனேன். உங்க தண்ணியில புளிப்பு பத்தல."

வெளியூர்க்காரர்கள் பேஷன் ஃப்ரூட் என்பது எங்களுக்குத் தாட்பூட். பிறந்ததிலிருந்து தின்று துப்பிய விதை! போனை நான் வைக்கவில்லை. "காலங்காத்தால தாட்பூட்னு குதிச்சீங்களே மாமா, பழத்துக்குப் பேரு சரியாத்தான் வச்சிருக்காங்க!" என்று மைத்துனன் அதற்குள்ளிருந்து சிரித்தான்.

சிரிக்கட்டும். போனை வைத்தபிறகுதான் எனக்கு உறைத்தது. குடிக்கப்போகாத தண்ணீருக்கு எவளாவது ராத்திரிக் குளிரில் எழுந்து புளிப்புச் சேர்ப்பாளா?

மிச்சத்தை வடிகட்டி, பாட்டிலில் ஊற்றித் தன் தையல் கடைக்கு எடுத்துப்போனாள். மத்தியானம் கலர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

சாயங்காலம் அவளைக் கூப்பிடக் கடைக்குப் போனேன். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த ஒரு பெண், அது என்ன தண்ணி, எங்கே வாங்கினது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடையிலல்லாம் கெடைக்காதுங்க. எங்க வீட்டுக்காரரு போடுறது. ஆரஞ்சுன்னா தோல உரிச்சுட்டுத்தான் போடுவாரு, இல்லேன்னா கசந்துரும். அதுக்கெல்லாம் ஒரு பக்குவம் இருக்கு," என்றாள் என் மனைவி.

உள்ளே போனால் பேச்சை நிறுத்திவிடுவாள். வாசலில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. நான் அங்கேயே நின்றேன்.